அளவுகோல் கண்ட ஆல்பிரட் பினே

வகுப்பறையில் ஒரு சிறுவன் அமர்ந்திருக்கிறான். ஆசிரியர் வினவும் வினாக்களுக்கு அவன் விடை கூறுவதில்லை. கரும்பலகையில் எழுதியதைப் பிழையின்றிப் பார்த்தெழுதவும் அவனால் இயலவில்லை. அவன் மந்தபுத்தி உடையவன் என ஆசிரியர் முடிவு செய்கிறார். அம்முடிவு சரிதானா? அவனுக்குக் கண்பார்வை குறைவாக இருக்கலாம். வகுப்பில் பேசப்படும் மொழி அவனுக்குப் புதியதாக இருக்கலாம். பசியோடு பள்ளிக்கு வந்திருக்கலாம். உண்மையாகவே அவனது அறிவு மெல்ல வளர்வதாகவும் இருக்கலாம். இவற்றுள் எது காரணம் என்று எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு விடை தேடித் தம் வாழ்வின் இறுதிப் பன்னிரண்டு ஆண்டுகளைச் செலவிட்டவர் ஆல்பிரட் பினே என்னும் பிரெஞ்சு அறிஞர். இன்று உலகெங்கும் வழங்கும் நுண்ணறிவுச் சோதனைகள் அவர் வகுத்த அளவுகோலிலிருந்து கிளைத்தவை.

பினே 1857ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள் நீஸ் நகரில் பிறந்தார். நடுநிலக்கடற்கரையில் அமைந்த அந்நகர் அப்போது சார்தீனிய அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்தே அது பிரான்சுடன் இணைந்தது. அவருடைய தந்தையார் மருத்துவர். தாயார் ஓவியக் கலையில் தேர்ந்தவர். பெற்றோர் பிரிந்து வாழ நேர்ந்தமையால் தாயின் அரவணைப்பிலேயே பினே வளர்ந்தார். மகனின் கல்வியை முன்னிட்டு அன்னையார் அவரைப் பாரிஸ் நகருக்கு அழைத்துச் சென்றார். பினே 1878இல் சட்டத்தில் பட்டம் பெற்றார். ஆயினும் வழக்குரைஞர் தொழிலில் அவர் மனம் செல்லவில்லை. மருத்துவம் பயிலத் தொடங்கி அதனையும் இடையில் கைவிட்டார். பின்னர் பாரிஸிலுள்ள தேசிய நூலகத்தில் நாள்தோறும் அமர்ந்து, அக்காலத்தில் புதிதாக முளைத்துக்கொண்டிருந்த உளவியல் துறையின் நூல்களைத் தாமே கற்கலானார். அத்துறையில் அவருக்கு ஆசான் என ஒருவரும் இலர். அவர் பெற்ற பட்டமும் இல்லை.

ஆசானின்றிக் கற்றதன் விளைவை அவர் விரைவிலேயே உணர்ந்தார். தோலில் இரு முனைகளை அருகருகே வைத்துத் தொட்டால், அவை இரண்டெனத் தோன்றுவது எப்போது, ஒன்றெனத் தோன்றுவது எப்போது என்பது பற்றி 1880இல் தம் முதற்கட்டுரையை வெளியிட்டார். அதே பொருளைத் தாம் முன்னரே ஆராய்ந்திருப்பதையும், பினேயின் கட்டுரையில் குறைகள் மலிந்திருப்பதையும் பெல்ஜிய நாட்டு அறிஞர் டெல்பஃப் எடுத்துக்காட்டினார். இளைஞரான பினேக்கு இது முதல் அடி.

இரண்டாம் அடி இதனினும் வலியது. பாரிஸில் சால்பெத்ரியேர் என்னும் பெரிய மருத்துவமனை இருந்தது. அங்கே சார்க்கோ என்னும் புகழ்மிக்க நரம்பியல் மருத்துவர் அறிதுயில் பற்றி ஆராய்ந்துவந்தார். பினே அவரிடம் சேர்ந்து ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பணியாற்றினார். நோயாளி ஒருவரை அறிதுயிலில் ஆழ்த்தி, அவர் அருகே காந்தத்தைக் கொண்டுசென்றால், வலப்பக்கத்தில் தோன்றிய செயலின்மை இடப்பக்கத்துக்கு மாறுவதாக அவரும் அவருடைய துணைவர் ஃபேரேயும் எழுதினர். இதனை நேரில் காண டெல்பஃப் பாரிஸுக்கு வந்தார். காந்தம் நோயாளியின் கண்முன்னரே நகர்த்தப்படுவதை அவர் கண்டார். என்ன நிகழும் என்பதை ஆய்வாளர்கள் நோயாளி கேட்கவே பேசிக்கொள்வதையும் அவர் கவனித்தார். தம் நாட்டுக்குத் திரும்பி அதே ஆய்வைக் கவனத்துடன் செய்துபார்த்தார். காந்தத்துக்கு எவ்வித ஆற்றலும் இல்லை. எதிர்பார்ப்பே அவ்வளவையும் செய்வித்தது என்று அவர் நிறுவினார். பினே சில ஆண்டுகள் கடுமையாக வாதிட்டார். இறுதியில் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, 1890 அளவில் அம்மருத்துவமனையை விட்டு நீங்கினார். அறிவுலகில் அவர் பெயர் அப்போது மங்கியே இருந்தது.

கேட்பவர் எதிர்பார்க்கும் விடையே கேட்கப்படுபவரிடமிருந்து வரும் என்னும் உண்மையை அவர் பிற்காலத்தில் ஒருபோதும் மறந்தாரில்லை. 1900இல் அவர் வெளியிட்ட நூல் முழுவதும் இப்பொருளைப் பற்றியதே. ஓர் அட்டையில் பொத்தான் முதலிய சில பொருள்களை ஒட்டிப் பள்ளிச் சிறுவர்களுக்குச் சில நொடிகள் காட்டினார். கண்டதைத் தாமே எழுதிய சிறுவர்கள் பெரும்பாலும் சரியாகவே எழுதினர். பொத்தான் எந்த நூலால் தைக்கப்பட்டிருந்தது என்பதுபோல் வினாவிலேயே விடையை வைத்துக் கேட்டபோது, இல்லாத நூலையும் கண்டதாகச் சிறுவர்கள் கூறினர். பொய் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் எண்ணமன்று. வினா அவர்களை அவ்வாறு இட்டுச்சென்றது.

இனி அவருடைய இல்லத்துக்கு வருவோம். கருவியல் அறிஞர் பால்பியானியின் மகளார் லோர் என்பாரைப் பினே 1884இல் மணந்தார். மதலேன், ஆலிஸ் என இரு பெண்மக்கள் பிறந்தனர். அவ்விருவரும் நடை பயின்ற விதத்தைத் தந்தை கூர்ந்து நோக்கினார். மூத்தவள் அருகிலுள்ள நாற்காலியைக் கண்ணால் அளந்து, அதனை எட்டிப் பிடிக்கும் வரை சிரிக்கவும் மாட்டாள். இளையவளோ பற்றுக்கோடு உண்டா என்று பாராமல், சிரித்தபடியே அறையின் நடுவுக்குத் தள்ளாடிச் செல்வாள். ஒரே வீட்டில் ஒரே உணவை உண்டு வளர்ந்த இருவரிடையே இத்துணை வேற்றுமை! மூத்தவள் கவனம் மிக்கவள், இளையவள் கற்பனை மிக்கவள் என்பதை அவர்கள் வளர்ந்த பின்னும் பினே பலமுறை கண்டு எழுதினார்.

அக்காலத்து அறிஞர் பலர், ஒருவருடைய கண், காது, தோல் ஆகியவற்றின் கூர்மையை அளந்தால் அவர்தம் அறிவையும் அளந்துவிடலாம் என நம்பினர். பினே அத்தகைய அளவுகளைத் தம் மக்களிடம் எடுத்துப் பார்த்தார். இரு கோடுகளுள் நீண்டது எது என்று காண்பதில் சிறுமியும் பெரியவர்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தனர். ஆனால், கத்தி என்றால் என்ன என்று கேட்டபோது வேறுபாடு விளங்கியது. அது வெட்டுவதற்கு என்று குழந்தை பயனை மட்டுமே கூறியது. பெரியவரோ அது எவ்வகைக் கருவி, எதனால் ஆனது என விளக்குவார். அறிவின் வேறுபாடு புலன்களில் இல்லை. புரிந்துகொள்ளுதல், சிந்தித்தல், தீர்ப்புச் செய்தல் ஆகியவற்றிலேயே உள்ளது என்னும் முடிவுக்கு அவர் வந்தது இவ்வாறுதான். பெரிய கருவிகள் எவையும் இதற்குத் தேவைப்படவில்லை. வீட்டுக் கூடமும் இரு சிறுமியருமே போதுமானவையாக இருந்தன.

1891இல் ரூவான் நகரத் தொடர்வண்டி நிலையத்தில் போனி என்னும் பேராசிரியரைப் பினே தற்செயலாகச் சந்தித்தார். சோர்பான் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வுக்கூடத்தை நடத்திவந்த அவரிடம், ஊதியமின்றிப் பணியாற்ற முன்வந்தார். மூன்றே ஆண்டுகளில் அவ்வாய்வுக்கூடத்தின் இயக்குநராக உயர்ந்து, இறுதிவரை அப்பொறுப்பில் நீடித்தார். ஆயினும் பிரான்சில் ஒரு பேராசிரியர் பதவி அவருக்குக் கடைசிவரை கிட்டவேயில்லை.

அந்நாளில் இனோதி என்னும் மனக்கணக்கு வல்லவர் ஐரோப்பாவில் புகழ்பெற்று விளங்கினார். ஆடு மேய்க்கும் சிறுவனாக வாழ்வைத் தொடங்கியவர் அவர். பினே அவரைத் தம் ஆய்வுக்கூடத்தில் சோதித்ததோடு நில்லாமல், பாரிஸிலுள்ள பெரிய கடையொன்றின் காசாளர்களையும் அழைத்து அதே கணக்குகளைக் கொடுத்தார். சிறிய கணக்குகளில் காசாளர்கள் இனோதியையும் விஞ்சினர்! பெரிய எண்களை நினைவில் தாங்குவதிலேயே இனோதி ஒப்பற்றவராக இருந்தார். நாள்தோறும் செய்யும் பயிற்சி எவ்வளவு தூரம் ஒருவரைக் கொண்டுசெல்லும் என்பதை அக்காசாளர்கள் பினேக்குக் காட்டினர்.

தலையின் அளவு பெரிதானால் அறிவும் பெரிதாகும் என்பது அக்காலத்துப் பரவலான நம்பிக்கை. 1898இல் பினேயும் நாடாவும் கையுமாகப் பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களின் தலைகளை அளந்தார். நன்றாகப் படிப்போர், பின்தங்கியோர் என ஆசிரியர்கள் பிரித்துக்காட்டிய இரு பிரிவினரிடையே கிடைத்த வேறுபாடோ ஒரு மில்லிமீட்டர் அளவே. அதுவும் உண்மையா, அன்றித் தம் எதிர்பார்ப்பே விரல்களை அசைத்ததா என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. மீண்டும் அளந்தார். அளப்பவர் மனத்தில் உள்ளது அளவில் கலந்துவிடுவதைக் கண்டார். அதன்பின் அறிவை அளக்கும் வழியாகத் தலையளவை அவர் நம்பவில்லை. அதே நம்பிக்கையில் ஊறித் தம் வாழ்நாள் முழுவதையும் மண்டையோட்டு அளவிலேயே கழித்த அறிஞர் பலர் இருந்த காலம் அது. பிறருடைய தவறு அன்று, தம் தவறே தமக்கு ஆசான் என்பதுபோல் பினே நடந்துகொண்டார்.

பிரான்சு நாட்டில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பதின்மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் அனைவருக்கும் கல்வியைக் கட்டாயமாக்கியது. முன்பு பள்ளியையே காணாத ஏழைக் குழந்தைகளும் வகுப்புகளில் வந்து அமர்ந்தனர். அவர்களுள் சிலர் பாடங்களைத் தொடர இயலாமல் தவித்தனர். அவர்களை என்ன செய்வது என்று ஆராய அரசு 1904இல் ஒரு குழுவை அமைத்தது. பினே அதில் ஓர் உறுப்பினர். அத்தகைய குழந்தைகளுக்குத் தனி வகுப்புகள் வேண்டும் எனக் குழு கருதியது. அவ்வகுப்புகளுக்குரிய குழந்தை யார் என்று முடிவு செய்வது எவ்வாறு? குறும்பு செய்யும் மாணவனைக் கழித்துவிட ஓர் ஆசிரியர் எண்ணலாம். மருத்துவர்களின் சான்றுகளை நம்பலாம் என்றாலோ, ஒரே குழந்தைக்கு வெவ்வேறு மருத்துவர்கள் வெவ்வேறு பெயர்களைச் சூட்டியிருப்பதைப் பினே கண்டார். தவறாக முத்திரை குத்தப்பட்ட குழந்தை அம்முத்திரையை வாழ்நாளெல்லாம் சுமக்க நேரும் என்று அவர் அஞ்சினார்.

தியோடர் சீமோன் என்னும் இளம் மருத்துவர் அவருக்குத் துணையாக நின்றார். இருவரும் சேர்ந்து 1905இல் முப்பது சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டனர். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்தல் அதில் முதற்சோதனை. மூக்கையும் கண்ணையும் தொட்டுக்காட்டுதல், மூன்று எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்லுதல், எடைகளை வரிசைப்படுத்துதல், காகிதத்துக்கும் அட்டைக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுதல் எனச் சோதனைகள் படிப்படியாகக் கடினமாகிச் சென்றன. 1908இல் அதனைத் திருத்தி, மூன்று வயது முதல் பதின்மூன்று வயது வரை ஒவ்வொரு வயதுக்கும் உரிய சோதனைகளை வகுத்தனர். ஐந்து வயதுக் குழந்தை சதுரத்தைப் பார்த்து வரையும். சாய்சதுரத்தை வரைய இன்னும் ஈராண்டு ஆகும். வலக்கை எது, இடக்காது எது என்று ஆறு வயதில் காட்டும். இவற்றைப் பினே தம் அறையில் அமர்ந்து கற்பனை செய்யவில்லை. பள்ளிக் குழந்தைகளிடம் ஒவ்வொன்றாகச் சோதித்து, அவ்வயதினருள் பெரும்பாலோர் விடையளித்ததை மட்டுமே அவ்வயதுக்குரியதாகக் கொண்டார். பயனை மட்டும் கூறும் விடையை ஆறு வயதுக்கும், அதனினும் மேலான விளக்கத்தை ஒன்பது வயதுக்கும் உரியதாக வைத்தார். தம் மகள் கத்தியைப் பற்றிக் கூறிய விடை பல்லாண்டுகளுக்குப் பின் இவ்வாறு பயன்பட்டது.

சோதனையை நடத்தும் முறையையும் அவர் விரிவாக வகுத்தார். அமைதியான அறை வேண்டும். குழந்தையின் அச்சம் நீங்கும்படி அன்பாகப் பேச வேண்டும். ஆனால், விடைக்கு வழிகாட்டும் சொல் ஒன்றும் வாயிலிருந்து வருதல் கூடாது. எல்லாக் குழந்தைகளுக்கும் அதே வினா, அதே சொற்களில் கேட்கப்பட வேண்டும். இன்று தரப்படுத்தப்பட்ட தேர்வு என்று கூறப்படும் முறையின் கரு இதுவே. சால்பெத்ரியேரில் நோயாளியின் கண்முன் காந்தத்தை நகர்த்திய அதே மனிதர்தாம் இவ்விதிகளை எழுதினார் என்பதை எண்ணிப் பார்த்தால் அவற்றின் பொருள் நன்கு விளங்கும்.

இவ்வளவுகோல் ஒன்றே போதும் என்று அவர் கருதவில்லை. பாரிஸின் உழைக்கும் மக்கள் வாழ்ந்த கிராஞ்சு ஓ பெல் தெருப் பள்ளியில் 1905இல் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அப்பள்ளியின் தலைமையாசிரியர் விக்டர் வானே, கணக்கிலும் பிற பாடங்களிலும் ஒவ்வொரு வகுப்பின் இயல்பான மாணவர் எவ்வளவு அறிவர் என்பதைக் கண்டறிய உதவினார். இன்றைய அடைவுத் தேர்வுகளின் முன்னோடி இது. கல்வியில் பின்தங்கியிருப்பது வேறு, அறிவில் பின்தங்கியிருப்பது வேறு என்பதைப் பினே வற்புறுத்தினார். ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தை இரண்டு ஆண்டும், அதற்கு மேற்பட்ட குழந்தை மூன்று ஆண்டும் பாடத்தில் பின்தங்கியிருந்தால் மட்டுமே அதனைக் கூர்ந்து ஆராய வேண்டும் என்றார். அதன்பின் நுண்ணறிவுச் சோதனை, மருத்துவச் சோதனை ஆகிய இரண்டும் நிகழ வேண்டும். வகுப்பில் ஆசிரியரே பயன்படுத்தத்தக்க கண்பார்வை அட்டை ஒன்றையும் அவரும் சீமோனும் உருவாக்கினர். மந்தன் எனப்பட்ட குழந்தைகளுள் கரும்பலகை தெரியாதவர்களும் இருந்தனர். அவர்களுக்கு வேண்டியது முன்வரிசையில் ஓர் இடமும் ஒரு மூக்குக்கண்ணாடியுமே.

அளவுகோலின் குறைகளைப் பினேயே முதலில் எடுத்துரைத்தார். துணியை முழக்கோலால் அளப்பதுபோல் அறிவை அளக்க இயலாது என்றும், கிடைக்கும் எண் ஒரு குழந்தையின் அன்றைய நிலையைக் காட்டுமேயன்றி அதன் எதிர்காலத்தைக் காட்டாது என்றும் எழுதினார். பெல்ஜியத்தில் செல்வர் வீட்டுக் குழந்தைகளிடம் இச்சோதனைகளை நடத்திய தெக்ரோலி, அக்குழந்தைகள் பாரிஸ் ஏழைக் குழந்தைகளைவிட ஓராண்டுக்கு மேல் முந்தியிருப்பதைக் கண்டார். பினே இதனைப் புறக்கணிக்கவில்லை. வீட்டில் புழங்கும் மொழியும் பழக்கமும் விடைகளில் கலந்திருப்பதை ஆராய்ந்தார். 1911இல் வெளியிட்ட திருத்தத்தில், பள்ளிப்பாடத்தைச் சார்ந்த வாசித்தல், எழுதுதல் போன்ற சோதனைகளை நீக்கினார்.

ஒரு குழந்தையின் அறிவு பிறப்பிலேயே முடிவாகிவிட்டது என்று கூறுவோரை அவர் கடுமையாக மறுத்தார். 1909இல் வெளியிட்ட, குழந்தைகளைப் பற்றிய நூலில் இதனை விளக்கமாக எழுதியுள்ளார். வளைந்த முதுகை உடற்பயிற்சி நிமிர்த்துவதுபோல் கவனத்தையும் நினைவையும் பயிற்சியால் வளர்க்கலாம் என்பது அவர் கொள்கை. தனி வகுப்புகளில் இதற்கெனச் சில விளையாட்டுகள் நடந்தன. ஆசிரியர் சைகை காட்டியதும் அனைவரும் சிலைபோல் அசையாமல் நிற்பர். நீர் ததும்பும் கிண்ணத்தை ஒரு மேசையிலிருந்து மற்றொன்றுக்குச் சிந்தாமல் எடுத்துச் செல்வர். முதல் நாள் ஆரவாரமும் சிரிப்புமாக இருந்த வகுப்பு சில நாள்களில் அமைதியாக நிற்கக் கற்றது. பாடத்துக்கு முன் கற்கும் முறையைக் கற்பிக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

கூச்ச இயல்பு கொண்ட இவ்வறிஞருக்கு மற்றொரு முகமும் உண்டு. மாலை வேளைகளில் ஆந்திரே தெ லோர்து என்னும் நாடக ஆசிரியருடன் சேர்ந்து, காண்போர் அலறும்படியான திகில் நாடகங்களை எழுதினார். அவை பாரிஸ் மேடைகளில் நடிக்கப்பட்டன!

1911ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் பினே காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கே. அளவுகோலின் மூன்றாம் வடிவம் வெளிவந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அதன்பின் அது அவர் விரும்பாத வழியில் சென்றது. ஜெர்மானிய அறிஞர் ஸ்டெர்ன் 1912இல், மன வயதை உண்மை வயதால் வகுத்து ஒற்றை எண் காணும் முறையைக் கூறினார். அமெரிக்கர் டெர்மன் 1916இல் அதனை நுண்ணறிவு ஈவு எனப் பரப்பினார். முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் படையில் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் கூட்டங்கூட்டமாகச் சோதிக்கப்பட்டனர். ஆங்கிலம் அறியாதவர்க்கெனப் படங்களால் ஆன தேர்வும் இருந்தது. டென்னிஸ் ஆடுகளத்தின் படத்தில் விடுபட்டது எது என்று அதில் கேட்கப்பட்டது. வலையைக் காணாதவன் வலை இல்லை என எங்ஙனம் கூறுவான்? வேற்று நாடுகளிலிருந்து குடிபெயர்ந்து வந்தோர் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். அவர்கள் அறிவிற்குறைந்தோர் என்று பிரிகம் என்பவர் 1923இல் நூல் எழுதினார். அமெரிக்காவில் வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூட அவர்களுடைய மதிப்பெண்ணும் கூடியதை அவர் கண்டும் பொருட்படுத்தவில்லை. கல்லூரி நுழைவுக்கான பெருந்தேர்வு ஒன்றை 1926இல் உருவாக்கியவரும் அவரே. 1930இல் தம் முடிவுகள் பிழையானவை என்று அவர் எழுதினார். அதற்குள் குடியேறுவோரைத் தடுக்கும் 1924ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டிருந்தது.

பினே இவற்றைக் காணவில்லை. 1961 வரை வாழ்ந்த சீமோன் கண்டார். ஒற்றை எண்ணால் குழந்தையைக் குறிப்பது தங்கள் நோக்கத்துக்குச் செய்த துரோகம் என்று வருந்தினார்.

இந்தியாவுக்கும் இவ்வளவுகோல் வந்தது. லாகூரில் பணியாற்றிய ஹெர்பர்ட் ரைஸ் 1922இல் அதனை இந்துஸ்தானியில் அமைக்கும் பணியில் ஈடுபட்டார். பின்னர் 1930களில் காமத் என்னும் கல்வியாளர் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்ப அதனை மாற்றியமைத்தார். வினாக்களை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது என்பதால், அவ்வப்பகுதிக் குழந்தைகளிடம் ஒவ்வொன்றையும் புதிதாகச் சோதித்து, எந்த வயதுக்கு எது உரியது என்று மீண்டும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பாரிஸின் உழைக்கும் மக்கள் வாழ்ந்த தெருவில் பிறந்த வினாக்கள் இவ்வாறு இந்தியக் குழந்தைகளின் வீட்டு மொழிகளில் கேட்கப்பட்டன.